நாட்டார் பாட்டை எத்தனை குரலில் பாடுவது?

எங்கள் பாடகர் குழுவில் 22 பேர். ஞாயிறு மாலைகளில் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடி அறையில் கூடுகிறோம். ரயில் கடந்து போகும்வரை பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். இந்த ஆண்டு நிகழ்ச்சிக்கு நான்கு நாட்டார் பாடல்களை எடுத்திருக்கிறோம்: மலையகத் தாலாட்டு ஒன்று, கொழுந்து பறிக்கும்போது பாடும் பாட்டு ஒன்று, மீனவர் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு ஒன்று, கோலடித்து ஆடிப் பாடும் மட்டக்களப்பு வசந்தன் பாட்டு ஒன்று.

பாட்டுகளைத் தெரிவு செய்வது எளிதாக முடிந்துவிட்டது. அவற்றை எப்படிச் சேர்ந்திசையாக அமைப்பது என்பதில்தான் மூன்று ஞாயிறுகள் போயின. நான்கு குரலாக (பெண்களில் சொப்ரானோ, அல்ட்டோ; ஆண்களில் டெனர், பேஸ்) பிரித்து, வெவ்வேறு சுரங்கள் ஒரே நேரத்தில் இசைந்து ஒலிக்கும் முழு ஹார்மனியோடு பாடலாம் என்பது ஒரு கட்சி. எல்லோரும் ஒரே மெட்டை, சுருதிப் பெட்டியின் மேல், கலப்பில்லாமல் பாட வேண்டும் என்பது இன்னொரு கட்சி. மூன்றாவது வழியொன்று இருக்கிறது. நான் அதன் பக்கம். ஆனால் மற்ற இரண்டையும் பாடிப் பார்க்காமல் அந்த முடிவுக்கு நான் வரவில்லை. கொழும்பில் இதே கேள்வியோடு நிற்கும் பாடசாலைக் குழுக்களும் தேவாலயக் குழுக்களும் இருக்கின்றன. அவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் குழு எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி விடை அதில் இருக்கிறது. ஏறத்தாழ அரைவாசிப் பேர் கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டிப் பக்கத் தேவாலயங்களில் பாடி வளர்ந்தவர்கள். ஐந்து கோட்டு இசைக்குறிப்பைக் கையில் கொடுத்தால் தங்கள் வரியைத் தாங்களே படித்துப் பாடிவிடுவார்கள். குரல் நேராக நிற்கும், ஆடாது. மற்ற அரைவாசிப் பேர் வட இலங்கைச் சங்கீத சபையின் கர்நாடக இசைப் பரீட்சைகளுக்குத் தயாராகிப் பாடக் கற்றவர்கள். அவர்களுக்குச் சுரம் என்பது ஒரு புள்ளி அல்ல. கமகத்தோடு அசைந்து வருவது. கோட்டுக் குறிப்பைக் காட்டினால் தயங்குவார்கள். ஒருமுறை பாடிக் காட்டினால் அடுத்த முறை அப்படியே திருப்பித் தருவார்கள். இந்த இரண்டு காதுகளும் ஒரே அறையில் இருக்கின்றன. எந்த அமைப்பை எடுத்தாலும் ஒரு பாதிக்கு அது தாய்வீடு, மறு பாதிக்குப் புகுந்த வீடு.

நான்கு குரல் அமைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதற்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் கிராமங்களில் கேட்டு எழுதிய மெட்டுகளோடு வாழ்ந்தவர். 1913-இல் ஐந்து ஆங்கில நாட்டார் பாடல்களை வாத்தியம் இல்லாத நான்கு குரலுக்கு அமைத்தார். ஹங்கேரியில் இசையமைப்பாளர்கள் பார்ட்டோக்கும் கோடாயும் மெழுகு உருளைகளில் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். கோடாயின் சேர்ந்திசைப் படைப்புகள் அந்த அலைச்சலிலிருந்து பிறந்தவை. நமக்குப் பக்கத்தில், பம்பாயில் விக்டர் பரஞ்சோதி இந்திய மெட்டுகளை நான்கு குரலுக்குக் கொண்டுவந்தார். அதே நகரத்தில் சலீல் சௌத்ரி 1958-இல் ஓர் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். சென்னையில் எம்.பி. சீனிவாசன் 1970களில் தம் குழுவோடு தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் சேர்ந்திசையை வளர்த்தார். ‘சேர்ந்திசை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் என் தலைமுறையில் பலருக்கு நினைவுக்கு வருபவர் அவர்தான்.

ஆகவே நாங்களும் எழுதிப் பார்த்தோம். தாலாட்டைத்தான் முதலில் எடுத்தோம், அங்கேயே இடறினோம்.

அந்தத் தாலாட்டை எங்களுக்குத் தந்தவர் குழுவில் பாடும் ஒருவரின் தாயார். நோர்வூட் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) வளர்ந்து, கொழுந்து பறித்து, இப்போது மகளோடு கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். ஒரு ஞாயிறு மகள் அவரை அழைத்து வந்தார். அம்மா நாற்காலியில் உட்கார மறுத்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார். மடியில் பிள்ளை கிடப்பதுபோல வலது முழங்காலை மெல்ல ஆட்டிக்கொண்டுதான் அவருக்குப் பாட்டு வந்தது. காலை நிறுத்தினால் பாட்டும் நின்றது. நான் பியானோவில் அவர் பாடியதைத் தொட்டுப் பார்த்தேன். ஷட்ஜம் (ச, அடிப்படைச் சுரம்) கிடைத்தது, பஞ்சமம் (ப) கிடைத்தது. காந்தாரம் (க) கிடைக்கவில்லை. கறுப்புக் கட்டையை அழுத்தினால் தாழ்வாக இருந்தது. வெள்ளைக் கட்டையை அழுத்தினால் உயர்வாக இருந்தது. அவருடைய காந்தாரம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ, ஒவ்வோர் அடியிலும் சற்று வேறுவிதமாக நின்றது. பிழையாகப் பாடுகிறாரோ என்று முதலில் எண்ணியதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். மூன்று முறை பாடச் சொன்னேன். மூன்று முறையும் ஏறும்போது ஓர் இடம், இறங்கும்போது ஓர் இடம் என்று அதே ஒழுங்கில்தான் வந்தது.

நான்கு குரல் ஹார்மனியின் அடிப்படையே இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது. ச–க–ப என்று மூன்று சுரங்களை அடுக்கும்போது, அடுக்கின் குணத்தைத் தீர்மானிப்பது காந்தாரம். மேல் காந்தாரமா, கீழ்க் காந்தாரமா என்று அல்ட்டோக்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொன்ன அந்தக் கணத்தில் அம்மாவின் காந்தாரம் செத்துவிடுகிறது. அடுத்த சிக்கல் அடி முடியும் இடத்தில். மேற்கத்திய அமைப்பில் வரியை முடித்து வைக்கும் அடுக்குக்குக் காகலி நிஷாதம், அதாவது மேல் ஷட்ஜத்தை ஒட்டி அதற்குக் கீழே நிற்கும் சுரம், தேவை. எங்கள் தாலாட்டில் அந்தச் சுரமே கிடையாது. எழுதுகிறவர் அதைக் கொண்டுவந்து சேர்த்தால் ஒவ்வோர் அடியும் பாமாலை முடிவதுபோல முடிகிறது. எங்கள் முதல் வரைவு அப்படித்தான் இருந்தது. தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர்களே அதைக் கேட்டுவிட்டு, பாமாலை நன்றாக இருக்கிறது, பிள்ளைதான் தூங்காது என்றார்கள்.

மொழியும் இடிக்கிறது. தமிழில் குறிலை நீட்டினால் பொருள் மாறிவிடும். ‘மலை’யின் முதல் எழுத்தை டெனர்கள் இரண்டு எண்ணிக்கைக்கு இழுத்தால் அது ‘மாலை’. நாட்டார் பாட்டுகள் இதை நன்றாக அறிந்தவை. அவை நீளும் இடங்களைக் கவனியுங்கள்: ‘மலையிலே’, ‘கண்டியிலே’, ‘கண்மணியே’ என்று அடியின் கடைசி நெடிலில்தான் குரல் தங்கும். நடுவிலுள்ள குறில்கள் பேச்சு வேகத்தில் கடந்துவிடும். நான்கு குரல் எழுதும்போது கீழ்க்குரல்களுக்கு நீளமான சுரங்களைக் கொடுப்பது வழக்கம், ஆகவே பேஸ் பாடுகிறவர்களின் வாயில் சொற்கள் உருமாறிப் போகின்றன. குரல்களை ஒன்றன்பின் ஒன்றாக நுழைத்தாலோ நான்கு வெவ்வேறு சொற்கள் ஒரே நேரத்தில் ஒலித்து, முன்வரிசையில் இருப்பவருக்குக்கூட ஒன்றும் விளங்காது. சொல்லை நம்பி வாழும் பாட்டுக்கு இது சின்ன நட்டம் அல்ல. கோப்பித் தோட்டக் காலத்திலேயே, அதாவது தேயிலை வருவதற்கு முன்பே, பிறந்த பாட்டுகள் மலையகத்தில் உண்டு. ‘கோப்பி’ என்ற ஒரு சொல்தான் அந்த வயதுக்குச் சாட்சி. அந்தச் சொல் சபைக்குக் கேட்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும் நான்கு குரலுக்கு ஏற்ற பாட்டுகள் உண்டு என்பேன். மெட்டு நிலையான சுரங்களில் நிற்க வேண்டும், சொற்கள் குறைவாக இருக்க வேண்டும், தாளம் எடுப்பாக இருக்க வேண்டும். கும்மிப் பாட்டுகளில் சில இதற்கு வளைந்து கொடுக்கும். குழுவில் குறைந்தது 16 பேராவது, குரலுக்கு நால்வராக, வேண்டும். நல்ல பேஸ் நால்வர் கிடைப்பது எங்களைப் போன்ற குழுக்களுக்கு எப்போதும் பெரும்பாடு.

இரண்டாவது கட்சியின் வழி, எல்லோரும் ஒரே மெட்டு. கேட்க எளிதாகத் தோன்றும், செய்து பார்த்தால்தான் தெரியும். கர்நாடக முறையில் சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. இரண்டுக்கும் பொதுச் சுருதி எங்கே? நாட்டார் பாட்டுகளில் பலவும் ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்கிவிடுவது இங்கே நமக்குக் கை கொடுக்கிறது. மூன்று கட்டையில் ஷட்ஜத்தை வைத்தால் ஆண்கள் கீழே ஒரு ஸ்தாயியில் வசதியாகப் பாடலாம்; பெண்களும் கூச்சமில்லாமல் திறந்த குரலில் பாடலாம். பல கொழும்புக் குழுக்கள் ஐந்தரைக் கட்டையில் பெண்களைப் பாடவிட்டு, ஆண்களை முனகவிட்டு, சேர்ந்து பாடுவது நமக்குச் சரிவராது என்று கைவிட்டுவிடுகின்றன. சுருதியை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வழியில் சொல் தெளிவாகக் கேட்கும், மெட்டு காயப்படாது, ஒரே மாலையில் பாட்டைக் கற்றுவிடலாம். ஆனால் 22 பேர் ஒரே வரியைக் கமகத்தோடு பாடும்போது ஒவ்வொருவரின் அசைவும் வேறு வேறு. அதை ஒழுங்குபடுத்தப் போனால் அசைவெல்லாம் தேய்ந்து, பாடசாலைக் காலைக் கூட்டத்தில் பாடும் பாட்டுபோல ஆகிவிடுகிறது. தாலாட்டை 22 பேர் சேர்ந்து ஒரே குரலில் பாடியபோது எனக்கு இன்னொன்றும் உறைத்தது: ஒரு பிள்ளைக்கு ஒரு தாய் பாடும் பாட்டு இது. 22 தாய்மார் எங்கிருந்து வந்தார்கள்? அந்தப் பாட்டுக்குள் கூட்டமே இல்லை.

மாறாக, அம்பாவுக்குள் கூட்டம் இருக்கிறது. வசந்தனுக்குள் கூட்டம் இருக்கிறது. கரைவலையில் ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று ஏற்கும்போதுதான் கயிறு இழுபடும். ஏற்கும் குரல் பாட்டுக்கு அலங்காரம் அல்ல, வலையைக் கரைக்குக் கொண்டுவருவதே அதுதான். மட்டக்களப்புக் கூத்தில் அண்ணாவியார் (கூத்தைப் பழக்கி நடத்துபவர்) சல்லரி என்ற கைத்தாளத்தோடு பாட, பிற்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். கொழுந்து மலையில் ஒரு நிரையில் எழும் பாட்டுக்கு அடுத்த நிரை எதிர்ப்பாட்டுக் கொடுக்கும். நம்முடைய மரபில் சேர்ந்திசை இல்லை, அது மேற்கிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் பிற்பாட்டைக் கவனிக்கவில்லை. இந்தப் பாட்டுகள் பிறக்கும்போதே தங்கள் குழுவையும் கூடவே கொண்டு வந்தவை.

மூன்றாவது வழி இதிலிருந்துதான் வருகிறது. அடி எடுத்துக் கொடுக்கும் முதற்குரலைத் தனியாக விட்டுவிடுங்கள். அதில் ஹார்மனி வேண்டாம், கட்டுப்பாடும் வேண்டாம். அமைப்பாளர் தம் கைவேலையை எல்லாம் பிற்பாட்டில் காட்டட்டும். பிற்பாட்டில் சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை, நெடில்கள் நிறைந்தவை. அங்கே குரல்களைப் பிரித்தாலும் பொருள் சிதையாது. அடுக்குகளில் காந்தாரத்தை விட்டுவிட்டு ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும் வைத்தால் முதற்குரலின் காந்தாரம் அதன் மேல் விரும்பியபடி அசையும். எங்கள் குழுவின் இரண்டு பாதிகளுக்கும் இதில் இடம் கிடைக்கிறது: நேராக நிற்கும் தேவாலயக் குரல்கள் ஆதாரத்தைத் தாங்குகின்றன, அசைந்து பழகிய குரல்கள் முன்னால் வருகின்றன. மூன்று வாரமாக ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருந்தவர்கள் இப்படிப் பாடிப் பார்த்த மாலையில்தான் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள்.

பல்கேரியாவைப் பார்த்தும் இதில் எனக்குத் துணிவு வந்தது. அங்கே ஃபிலிப் கூத்தேவ் 1951-இல் அரசு நாட்டார் குழுவை அமைத்தபோது பயிற்சி பெற்ற மேடைக் குரல்களைத் தேடாமல், ஊர்ப் பாட்டுப் பாடத் தெரிந்த பெண்களைச் சேர்த்தார். ஒரு குரல் அசையாமல் நிற்க, மற்றொரு குரல் அதற்கு மிக அருகில் உரசிக்கொண்டு போவது அவர்களுடைய ஊர் மரபு. அந்த உரசலை அவர் சீர்செய்து நீக்கவில்லை; அமைப்புக்கே அதை அடித்தளமாக்கினார். பின்னாளில் அந்த ஓசையை உலகமே காதுகொடுத்துக் கேட்டது. நமக்கு அவர்களுடைய ஓசை வேண்டாம். ஊர்க்குரலில் எது பிழைபோலத் தெரிகிறதோ அதை முதலில் காப்பாற்று என்ற அந்த ஒழுங்கு வேண்டும்.

மூன்றாவது வழிக்கும் விலை உண்டு. முழுப் பாரமும் முதற்குரல்காரர் தலையில் விழுகிறது. அவருக்குத் தொண்டை கட்டினால் நிகழ்ச்சி இல்லை. எனவே ஒவ்வொரு பாட்டுக்கும் இருவரைத் தயார் செய்கிறோம். பிற்பாட்டுப் பாடுகிறவர்களுக்குச் சலிப்பு வரக்கூடும். ஒரே ‘ஏலேலோ’வை 12 முறை பாடச் சொன்னால், ஆறாவது முறையில் மனம் மெரைன் டிரைவ் கடற்கரைச் சாலைக்குப் போய்விடுகிறது. இதற்கு நாங்கள் கண்டது: முதல் மூன்று முறை எல்லோரும் ஒரே சுரத்தில்; பிறகு பெண்கள் பஞ்சமத்துக்கு ஏறுகிறார்கள்; பிறகு ஆண்கள் அரை அடி பின்தங்கி நுழைகிறார்கள்; வலை கரையை நெருங்க நெருங்கக் காலம் விரைகிறது, இடைவெளி சுருங்குகிறது, கடைசியில் முதற்குரலும் பிற்பாட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. எழுதி வைத்தால் அரைப் பக்கம்கூட வராது. பாடும்போது அறை நிறைந்துவிடுகிறது.

அச்சிட்ட அமைப்புகளை வாங்கிப் பாடுவது பற்றியும் சிலர் கேட்டார்கள். வெளிநாடுகளில் தெற்காசிய நாட்டார் பாடல்களின் சேர்ந்திசை அமைப்புகள் விற்கப்படுகின்றன. ஆனால் சொற்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். ழகரமும் ளகரமும் குறில் நெடிலும் அதில் கரைந்துவிடும். நம்முடைய பாட்டை நாமே அந்நிய எழுத்திலிருந்து படிக்க வேண்டிய தேவை கொழும்பில் இல்லை. ஒரு மணிநேர பஸ் தூரத்துக்குள் பாடத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். நல்ல கைப்பேசி ஒன்று போதும். சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் மலையகப் பாடல்களின் சொற்களைத் தேடித் தொகுத்து வைத்திருக்கிறார்கள், அந்த உழைப்பு பெரிது. சொல்லைச் சரிபார்க்க நூலகத்துக்குப் போங்கள், மெட்டுக்கு மனிதரிடம் போங்கள்.

வாத்தியம் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. என் முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயிற்சியில் பியானோ இருக்கட்டும், மேடையில் வேண்டாம். அதன் காந்தாரம் ஒரே இடத்தில் நின்று எல்லோரையும் அங்கே இழுத்துவிடும். வசந்தனுக்கு மத்தளமும் சல்லரியும் கோலும் போதும். கொழுந்துப் பாட்டுக்குத் தப்பு என்னும் பறையை வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். மலையில் கொழுந்து கிள்ளும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும், அங்கே தப்பு இல்லை. அது திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் சாவீட்டுக்கும் உரியது. ஆகவே அந்தப் பாட்டை வாத்தியமே இல்லாமல் பாடுகிறோம். வேறொரு நிகழ்ச்சியில் தப்பு தேவைப்பட்டால், தப்பு அடிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட கலைஞரை அழைக்க வேண்டும். மற்றக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் அதே சன்மானம், அதே நாற்காலி, நிகழ்ச்சித் தாளில் பெயர். ஓரமாக நிற்கவைத்து ஓசையை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் தப்பு வேண்டாம்.

டிக்கெட் விற்று நடத்தும் நிகழ்ச்சி என்றால் சட்டத்தையும் பாருங்கள். இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் பாதுகாக்கிறது. வணிக நோக்கத்துக்காகவோ வழமையான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பயன்படுத்துவதும் மாற்றியமைப்பதும் அதற்குள் வருகின்றன. யாருக்கும் சொந்தமில்லாத பாட்டுத்தானே என்று இருந்துவிட முடியாது. பாடித் தந்தவரின் பெயரை அவருடைய சம்மதத்தோடு நிகழ்ச்சித் தாளில் அச்சிடுவதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.

கொழும்புச் சபைக்கு ஹார்மனி இல்லாவிட்டால் வெறுமையாக இருக்கும் என்ற அச்சத்தையும் கேட்டேன். வருகிறவர்களில் தமிழ் தெரியாதவர்கள் கணிசமாக இருப்பார்கள் என்பது உண்மை. பரீட்சார்த்தமாகச் சில சிங்கள நண்பர்களை ஒரு ஞாயிறு அழைத்து, அம்பாவை இரண்டு விதமாகவும் பாடிக் காட்டினோம். நான்கு குரலில் பாடியதைக் கேட்டு அழகு என்றார்கள். பிற்பாட்டோடு பாடியபோது மூன்றாவது ‘ஏலேலோ’வில் அவர்களும் சேர்ந்துவிட்டார்கள். சொல் விளங்காதவருக்கும் இழுப்பு விளங்குகிறது.

ஆக, எங்கள் நான்கு பாட்டுகளும் ஒரே அச்சில் வார்க்கப்படப் போவதில்லை. அம்பாவும் வசந்தனும் முதற்குரல், பிற்பாட்டு. கொழுந்துப் பாட்டை மண்டபத்தின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு அணிகள், எதிரும் புதிருமாக, மூன்று கட்டையில், ஹார்மனி இல்லாமல் பாடுகின்றன. வசந்தனின் கடைசிச் சுற்றில் மட்டும் நான்கு குரல் வருகிறது; அங்கே சொற்கள் தாளக்கட்டுக்குள் அடங்கிவிட்டன, மெட்டும் உறுதியாக நிற்கிறது. நான்கு குரல் கேட்டவர்கள் அதில் மனநிறைவு அடைந்தார்கள்.

தாலாட்டை மகள் பாடுகிறார், தனியாக. மற்ற 21 பேரும் வாயை மூடிக்கொண்டு ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும், மாறி மாறி மூச்செடுத்து, அறுபடாமல் தாங்குகிறோம். போன ஞாயிறு அம்மா மறுபடி வந்து கேட்டார். முணுமுணுப்பு உரத்துக் கேட்கிறது, இன்னும் தாழ்த்த வேண்டும் என்றார். தாழ்த்தினோம். இன்னும் என்றார். மகளின் குரலைத் தவிர எதுவும் கேட்காத அளவுக்கு வந்தபோது அவருடைய வலது முழங்கால் ஆடத் தொடங்கியது. அந்த அளவைத்தான் குறித்து வைத்திருக்கிறோம்.